டிரிப்பை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? சுகாதாரத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மலேசியச் சுகாதாரத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், அரசாங்க, தனியார் மருத்துவமனைகளின் மகப்பேற்றுப் பிரிவுத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

பிரசவ வலியைத் தூண்டவும் கூட்டவும் கொடுக்கப்படும் மருந்துகள் நம் பிரசவ அறைகளில் கையாளப்படும் முறை குறித்து இந்த மடலை எழுதுகிறேன். பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் பிரசவ அறைத் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். பிறக்கும்போது மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் மருத்துவ அறிக்கைகளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவதும், அவற்றை நான் படித்து விளக்குவதும் ஓய்வுக்குப் பின் வழக்கமாகிவிட்டன. அந்த அனுபவத்திலிருந்து நான் கேட்பது ஒன்றுதான். வலியை வரவழைக்கும் ஆக்சிடோசின் மருந்து டிரிப்பாக, அதாவது நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக, ஏறிக்கொண்டிருக்கும் தாய் எவராயினும், அவர் கட்டிலருகே வலிகளை எண்ணுவதற்கென்றே ஒருவர் இருக்க வேண்டும். தேவைப்பட்டால் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் அந்த டிரிப்பைக் குறைக்கவோ நிறுத்தவோ அவருக்கு எழுத்துபூர்வமான அதிகாரம் இருக்க வேண்டும். இம்மடலில் நான் சொல்லும் மற்றவையெல்லாம் இந்தக் கோரிக்கைக்கான காரணங்கள்.

மருந்தைக் குறை சொல்வது என் நோக்கமன்று என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். ஆக்சிடோசினின் அமைப்பைக் கண்டறிந்து ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் காட்டிய வின்சென்ட் டு விக்னோ 1955-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். பிரசவத்துக்குப் பின் பெருகும் இரத்தப்போக்கிலிருந்து அந்த மருந்து காப்பாற்றிய தாய்மாருக்குக் கணக்கில்லை. கர்ப்பகால இனிப்புநீர் நம் இந்தியப் பெண்களிடையே எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்பது கிளினிக்கில் பிங்க் நிறக் கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்துடன் வரிசையில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். இனிப்புநீர் கட்டுப்படாமல் இருந்தாலோ, இரத்த அழுத்தம் ஏறினாலோ, பனிக்குடம் உடைந்தும் வலி வராமல் இருந்தாலோ, நாள் கடந்துபோனாலோ, காத்திருப்பதுதான் ஆபத்து. முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும், வேறு சிக்கல் இல்லாத 6,106 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், 39-ஆம் வாரத்தில் வலி தூண்டப்பட்டவர்களுக்குச் சிசேரியன் தேவைப்பட்டது 18.6 விழுக்காட்டினருக்கு, காத்திருந்தவர்களில் அது 22.2 விழுக்காடு. ஆகவே தூண்டுவதே தவறு என்று வாதிடுவோர் பக்கம் நான் இல்லை. அந்தப் பெண்கள் எத்தகைய கண்காணிப்பில் இருந்தார்கள் என்று பார்க்காமல், முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு நம் அறைகளில் பொருத்திப் பார்ப்பவர்களிடம்தான் எனக்கு வழக்கு.

கருப்பை சுருங்கும்போது அதன் தசைக்குள் ஓடும் இரத்தக் குழாய்கள் நெரிபடுகின்றன. நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் அந்த நேரத்துக்குக் குறைகிறது. சில வேளைகளில் நின்றேவிடுகிறது. வலி தணிந்து கருப்பை தளர்ந்தபின் இரத்தம் மறுபடி பாய, குழந்தை இழந்த பிராணவாயுவை ஈடுசெய்துகொள்கிறது. நலமுள்ள குழந்தை இதை மணிக்கணக்கில் தாங்கும், இடைவெளி கிடைக்கிறவரை. பத்து நிமிடத்தில் மூன்று, நான்கு, மிஞ்சினால் ஐந்து வலி என்பது ஏற்கத்தக்க அளவு. முப்பது நிமிடச் சராசரியில் பத்து நிமிடத்துக்கு ஐந்துக்கு மேல் போனால் அது மிகைச் சுருக்கம். மருந்து தன் வேலையை நன்றாகச் செய்கிறது என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ளும் அதே நேரத்தில், உள்ளே குழந்தைக்கு மூச்சு வாங்க இடைவெளி கிடைக்காமல் போகிறது. அடுத்தடுத்து வரும் வலி ஒவ்வொன்றும், முந்தைய கடன் தீராத நிலையில்தான் வந்து சேருகிறது.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இம்மருந்தின் அளவு எவ்வளவு நுட்பமானது என்பதை வெளியார் அறியமாட்டார்கள். உள்ளே இருப்பவர்களுக்கோ அது பழகி மறத்துப்போயிருக்கும். ஒரு குப்பியில் 10 யூனிட் இருந்தால் அது 10,000 மில்லியூனிட். வலி தூண்டும்போது தொடங்கும் அளவோ நிமிடத்துக்கு 1 அல்லது 2 மில்லியூனிட்தான். குழந்தை பிறந்தபின் இரத்தப்போக்கைத் தடுக்க முழுக் குப்பியையும் தசையில் ஒரே ஊசியாகப் போடலாம். அதே குப்பியின் சிறு பங்கு, குழந்தை வயிற்றில் இருக்கும்போது ஊசியாகப் போடப்பட்டால் பேராபத்து. 10 யூனிட்டை 500 மில்லிலிட்டர் திரவத்தில் கலந்தால், நிமிடத்துக்கு 2 மில்லியூனிட் என்பது மணிக்கு 6 மில்லிலிட்டர் ஆகும். ஒரு மில்லிலிட்டருக்கு இருபது துளி விழும் சாதாரணக் குழாயில் அது நிமிடத்துக்கு இரண்டே இரண்டு துளி. விரலால் உருட்டிச் சரிசெய்யும் சக்கரத்தை நம்பி இரண்டு துளியைக் கட்டுப்படுத்த முடியுமா? தாய் கையை மடக்கினால் அது ஒன்றாகும், கையை நீட்டிப் படுத்தால் ஐந்தாகும். இம்மருந்தை, ஏறும் அளவைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் பம்ப் இல்லாமல் ஏற்றக்கூடாது என்று நான் சொல்வது வசதியைக் கேட்பதன்று.

நல்லவேளையாக இம்மருந்தின் ஆயுள் குறைவு. இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையச் சில நிமிடங்களே போதும். மிகைச் சுருக்கத்தைக் கண்ட உடனே டிரிப்பை நிறுத்தி, தாயை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, தேவையானால் டெர்பூட்டலின் ஊசி போட்டுக் கருப்பையைத் தளர்த்தினால், பெரும்பாலான குழந்தைகள் மீண்டுவிடும். ஆக்சிடோசினால் வரும் கேடு தவிர்க்கக்கூடியது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம். தவிர்க்கும் வழி ஒரு பொத்தானை அமுக்குவது. அந்தப் பொத்தானை அமுக்கத் தனக்கு உரிமை உண்டா என்று ஒரு தாதி தயங்கி நிற்கும் பத்து நிமிடங்களில்தான் பிள்ளையின் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

அந்தத் தயக்கத்தைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். நிபுணர் கிளினிக்கில் வேறு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். தொலைபேசியில் "இன்னும் கூட்டுங்கள், மாலைக்குள் முடிய வேண்டும்" என்பார். நிறுத்தினால் "யாரைக் கேட்டு நிறுத்தினாய்?" என்ற கேள்வி வரும், நிறுத்தாமல் விட்டால் எந்தக் கேள்வியும் வராது, குழந்தை அழுதுகொண்டே பிறந்துவிட்டால். இரவு வேலையில் ஒரு தாதிக்கு மூன்று தாய்மார், மூன்று பேருக்கும் டிரிப் என்ற நிலையில் எங்கள் திறமையும் அனுபவமும் எவ்வளவு தூரம் ஓடும்? நான் வேலை செய்த அறைகளில் மருத்துவர்கள் கெட்டவர்களாக இருக்கவில்லை, தாதிகள் சோம்பேறிகளாகவும் இருக்கவில்லை. கூட்டுவதற்கு எழுதப்பட்ட உத்தரவு இருந்தது; குறைப்பதற்கு எழுதப்பட்ட உத்தரவு இல்லை.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் தேசிய மகப்பேற்று மருத்துவமனையில் கீரன் ஓ'டிரிஸ்கோலும் அவர் சகாக்களும் 1960-களின் இறுதியில் வகுத்த முறையை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன், ஏனென்றால் வலியைத் தாராளமாகக் கூட்டும் வழக்கத்துக்கு உலகெங்கும் அதையே ஆதாரமாகக் காட்டினார்கள். டப்ளினில் அளவு கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் அது முதல் பிரசவத்துக்கு வந்த, ஒற்றைக் குழந்தை தலை கீழாக இருந்த தாய்மாருக்கு மட்டும் உரியது. வலி வந்த ஒவ்வொரு தாய்க்கும் ஒரு மருத்துவச்சி விடாமல் கூடவே இருக்க வேண்டும் என்பது அம்முறையின் அடித்தளம். பின்பற்றியவர்கள் டிரிப்பை எடுத்துக்கொண்டு மருத்துவச்சியை விட்டுவிட்டார்கள். டிரிப் மலிவு, ஆள் செலவு அதிகம். வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சுவீடன் நாட்டில் 1990 முதல் 2005 வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். பிரசவத்தில் நேர்ந்த தவறான கையாளுதலால் கடுமையான பிராணவாயுக் குறைவுக்கு ஆளானதாகக் கருதப்பட்ட 177 குழந்தைகளில், 126 பேரின் பிரசவத்தில் ஆக்சிடோசின் கவனக்குறைவாகப் பயன்படுத்தப்பட்டிருந்தது. 173 பேரின் பிரசவத்தில் குழந்தையின் நிலை சரிவரக் கண்காணிக்கப்படவில்லை. இவ்விரு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்க்க ஆளில்லாத இடத்தில் ஏறிக்கொண்டிருந்த மருந்துதான் கேடு செய்திருக்கிறது. தாதியருக்கும் மருத்துவச்சிகளுக்கும் மதிப்புள்ள, வசதி மிகுந்த நாட்டின் கதை இது என்பதையும் எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் மருந்துப் பாதுகாப்புக்கென இயங்கும் நிறுவனம் 2007-இல் நரம்புவழி ஆக்சிடோசினை உயர் எச்சரிக்கை மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. மருத்துவக் காரணம் இருந்தால் மட்டுமே வலி தூண்ட இதைப் பயன்படுத்த வேண்டும், வசதிக்காக அன்று, என்ற கட்டமிட்ட எச்சரிக்கையும் அந்நாட்டு மருந்துக் குறிப்பில் உள்ளது.

வசதி என்றதும் மருத்துவமனையை மட்டும் நோக்கி விரல் நீட்டுவது நியாயமாகாது. தீபாவளிக்கு முன் முடித்துவிடுங்கள், இந்த நட்சத்திரத்தில் பிறக்க வேண்டும், அஷ்டமிக்குள் போகக்கூடாது என்று நிபுணரின் அறைக் கதவைத் தட்டும் மாமியார்களையும் தாய்மாமன்களையும் நான் நிறையவே பார்த்திருக்கிறேன். கட்டணம் வாங்கும் மருத்துவமனை மறுப்பதற்குத் தயங்கும். மறுக்கும் தைரியத்தை எழுதப்பட்ட ஒரு விதி தரும்.

அவசரத்துக்கு இன்னொரு ஊற்றும் உண்டு. கருப்பைவாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தாக வேண்டும் என்ற கணக்கை நாங்களெல்லாம் மனப்பாடமாகப் படித்தோம். பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் வரைபடத்தில் கோடு தாமதத்தைக் காட்டி வலப்பக்கம் சாய்ந்ததுமே டிரிப்பைத் தொங்கவிட்டோம். உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில், தீவிர வலிக்கட்டம் 5 சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது என்றும், மணிக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாகத் திறப்பது மட்டுமே தலையிடுவதற்குக் காரணமாகாது என்றும் கூறிவிட்டது. 3 சென்டிமீட்டரில் படுத்திருக்கும் தாய்க்கு "முன்னேற்றம் இல்லை" என்று எழுதிக் கூட்டப்பட்ட டிரிப்பை, அதற்குப் பின்வந்த ஆண்டுகளின் அறிக்கைகளிலும் நான் பார்த்திருக்கிறேன்.

கருப்பைவாயைப் பதப்படுத்த வைக்கும் மாத்திரைகளுக்கு ஆக்சிடோசினின் நற்குணம் இல்லை. வைத்த மாத்திரை கரைந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அவற்றில் ஒன்றான புரோஸ்டின் மாத்திரை வைத்து ஆறு மணி நேரம் கழிவதற்குள் ஆக்சிடோசினைத் தொடங்கக்கூடாது என்ற விதி, ஒன்றின் வேகம் அடங்குமுன் மற்றொன்று சேர்ந்துவிடக்கூடாது என்பதற்காகவே வந்தது. வேலை மாறும் நேரத்தில், முந்தைய தாதி எழுதிய நேரத்தை அடுத்தவர் பார்க்காமல் போனால் அந்த ஆறு மணி நேரம் நான்காகச் சுருங்கும். மிசோபிரோஸ்டோல் இன்னும் கவனம் வேண்டிய மருந்து. வயிற்றுப்புண்ணுக்காக வந்த அதன் மாத்திரை 200 மைக்ரோகிராம். வலி தூண்ட உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 25 மைக்ரோகிராம், அதாவது எட்டில் ஒரு பங்கு. கத்தியால் எட்டாக வெட்டிய துண்டுகளில் எது 25, எது 40 என்று யாரால் சொல்ல முடியும்? 2020-இல் ஜெர்மனியின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இப்படி வெட்டிப் பயன்படுத்துவது குறித்து மருத்துவர்களை எச்சரித்தது. சில நாடுகளில் 25 மைக்ரோகிராம் மாத்திரை தனியாகவே கிடைக்கிறது.

முன்பு சிசேரியன் ஆன தாய்க்கு இம்மருந்துகள் கூடுதல் ஆபத்து. அமெரிக்காவில் 2004-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், பழைய தழும்புடன் சுகப்பிரசவத்துக்கு முயன்றவர்களில் வலி தானாக வந்தவர்களுக்குக் கருப்பை கிழிந்தது 0.4 விழுக்காடு, வலி கூட்டப்பட்டவர்களுக்கு 0.9, தூண்டப்பட்டவர்களுக்கு 1.0 விழுக்காடு. நூறில் ஒன்று என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அந்த ஒருவருக்குச் சில நிமிடங்களில் அறுவை அறை கிடைக்காவிட்டால் தாயும் பிள்ளையும் சேர்ந்தே போய்விடலாம் என்பதால், இரவில் மயக்க மருத்துவர் இல்லாத இடத்தில் அவருக்கு டிரிப் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

இந்த இடத்தில் பெற்றோர்களுக்கும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது பிரசவத்தால் வந்ததன்று. கர்ப்பத்திலேயே நேர்ந்த கோளாறுகள், குறைமாதப் பிறப்பு, தொற்று எனப் பல காரணங்கள் உண்டு. என்னிடம் வந்த எல்லா அறிக்கைகளிலும் தவறு இருந்தது என்று நான் சொல்லவில்லை. பல அறிக்கைகளில் தவறு இருந்ததா இல்லையா என்று கண்டறியவே வழியில்லாமல் இருந்தது என்றுதான் சொல்கிறேன். டிரிப் தொடங்கிய நேரம் இருக்கும், ஏற்றிய அளவுகள் இருக்காது. "சிடிஜி இயல்பு" என்ற வரி இருக்கும், குழந்தையின் இதயத்துடிப்பையும் தாயின் வலிகளையும் கோடாக வரையும் அந்தச் சிடிஜி தாள் இருக்காது. அந்தத் தாள் வெப்பத்தில் அச்சாவது. ஆண்டுகள் போனால் கோடு தானாகவே மங்கி வெறுந்தாளாகிவிடும். பிள்ளை இரண்டு வயதாகியும் உட்காரவில்லை என்று தாய் விழித்துக்கொள்ளும்போது அவள் கேட்க வேண்டிய சான்று ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருக்கும். அரசாங்க மருத்துவமனை மீது வழக்குத் தொடர, 1948-ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் தரும் காலம் 36 மாதங்கள்தான். பிள்ளை நடக்குமா பேசுமா என்று காத்திருந்தே அதில் பாதிக்கு மேல் கழிந்துவிடுகிறது.

பிறந்தவுடன் சரியான பதிவு இருப்பது குழந்தைக்கும் உடனடியாக உதவும். பிராணவாயுக் குறைவால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தையின் உடலை 33 முதல் 34 டிகிரி வரை குளிர்வித்து 72 மணி நேரம் வைத்திருக்கும் சிகிச்சையைப் பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். பிரசவ அறையில் மிகைச் சுருக்கம் இருந்தது என்று குழந்தை மருத்துவரிடம் நேர்மையாகச் சொல்லும் ஒரு வரி, அந்த ஆறு மணி நேரத்தில் ஒன்றிரண்டைக் காப்பாற்றித் தரும். பழி வருமோ என்று மறைப்பவர் அந்த நேரத்தையும் பறிக்கிறார்.

தாயிடம் கேட்பது பற்றி நம் நீதிமன்றங்கள் ஏற்கெனவே பேசிவிட்டன. ஆபத்துகளை எடுத்துச் சொல்லும் கடமையை மருத்துவர்களின் வழக்கத்தைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. 2017-இல் பிரசவம் தொடர்பான வழக்கொன்றில், நோயறிதலும் சிகிச்சையும் துறையினர் ஏற்கும் வழக்கத்தைக் கொண்டு அளக்கப்படும், எடுத்துச் சொல்லும் கடமை அப்படி அளக்கப்படாது என்று வேறுபடுத்தியது. சிகிச்சைக்குத் துறையின் வழக்கமே அளவுகோல் என்றால், அந்த வழக்கம் என்ன என்று எழுதிவைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்து சேருகிறது. எழுதாமல் விட்டால் அவரவர் செய்வதே வழக்கமாகிவிடும். எடுத்துச் சொல்வதைப் பொறுத்தவரை, வலியில் துடிக்கும் பெண்ணிடம் மலாய்ப் படிவமொன்றை நீட்டிக் கையொப்பம் வாங்குவதைச் சொல்லியதாகக் கருத முடியாது. கிளினிக்கில் 36-ஆம் வாரத்திலேயே அவளுக்குத் தெரிந்த மொழியில், தமிழோ மலாயோ மாண்டரினோ, எந்த மருந்து, ஏன், காத்திருந்தால் என்ன, வேண்டாம் என்றால் என்ன என்று சொல்ல நேரம் உண்டு.

பட்டியல் பார்த்துச் சரிபார்க்கும் முறை பிரசவத்தை நீட்டிவிடும், சிசேரியனைக் கூட்டிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைக் குழுமம் ஒன்று, டிரிப்பைத் தொடங்குமுன்னும் ஓடும்போதும் சரிபார்ப்புப் பட்டியலைக் கட்டாயமாக்கி, அதன் முடிவுகளை 2007-இல் வெளியிட்டது. ஏற்றப்பட்ட உச்ச அளவு குறைந்தது. பிரசவ நேரம் நீளவில்லை. குழுமத்தின் சிசேரியன் விகிதமும் கூடாமல் குறைந்தது.

ஆகவே, தலைமை இயக்குநர் அவர்களே, நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரே விதியை அரசாங்க மருத்துவமனைகளுக்குச் சுற்றறிக்கையாகவும், தனியார் மருத்துவமனைகளுக்கு 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழும் பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தாலோ, குழந்தையின் இதயத்துடிப்பு கவலை தந்தாலோ, தாதி முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு மருத்துவரை அழைப்பார் என்றும், அப்படி நிறுத்தியதற்காக அவர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாது என்றும் அது தெளிவாகச் சொல்ல வேண்டும். தொலைபேசி உத்தரவில் டிரிப்பைத் தொடங்கவோ கூட்டவோ கூடாது. பம்பும், ஒரு தாய்க்கு ஒரு தாதியும் இல்லாத நேரத்தில், அவசரக் காரணம் இல்லாத தூண்டுதலை மறுநாளுக்குத் தள்ளிவைக்க வேண்டும். மருந்தின் பெயர், காரணம், ஒவ்வொரு அளவு மாற்றத்தின் நேரம் ஆகியவை அடங்கிய தாளின் நகலையும், மின்பிரதியாகச் சேமித்த சிடிஜி பதிவையும், கேட்டாலும் கேட்காவிட்டாலும் பெற்றோரிடம் வீடு திரும்பும் நாளிலேயே கொடுத்துவிட வேண்டும்.

இதற்கு ஆள் போதாது என்ற பதில் வரும் என்பது எனக்குத் தெரியும். ஆள் போதாத இரவில் ஒரே நேரத்தில் எத்தனை டிரிப் ஓடலாம் என்று ஓர் எண்ணை நிர்ணயித்து, அதைப் பிரசவ அறைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அந்த எண் என்ன என்பதையும், அது எப்போது நடைமுறைக்கு வரும் என்பதையும் உங்கள் பதிலில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து
ஓய்வுபெற்ற பிரசவ அறைத் தாதி ஒருவர்